மூன்றாவது கேமரா ஏன் கறுப்பாக நிற்கிறது? ஒரே கணினியில் பல வெப்கேம் ஓட்டப் போகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பாடங்களை வீடியோ எடுத்து வைக்க ஆசைப்பட்டார். மெட்டுகளின் மேல் இடது கை போகும் போக்கு ஒரு கேமராவில், வலது கை மீட்டுவது இன்னொன்றில், டீச்சரின் முகமும் முழு வீணையும் மூன்றாவதில். கைவசம் இருந்தவை மூன்று வெப்கேம், ஒரு பழைய லேப்டாப், ஒரு போர்ட்டை நாலாகப் பிரித்துத் தரும் ஒரு யுஎஸ்பி ஹப். அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முதல் கேமரா வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது கட்டம் மட்டும் கறுப்பு. லினக்ஸ் டெர்மினலில் வந்து நின்ற செய்தி: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". டிஸ்க் நிரம்பிவிட்டது போல என்று நினைத்து, 40 ஜிபி அளவுக்குப் பழைய கோப்புகளை உட்கார்ந்து அழித்தேன். திரும்ப ஓட்டினேன். அதே செய்தி. காபி கொண்டுவந்து வைத்த டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மூணாவது கண்ணு தெறக்க மாட்டேங்குதா?" என்றார்.

"தெறந்துடும் டீச்சர்" என்று சொன்னேனே தவிர, காரணம் புரிவதற்கு அன்று ராத்திரி ஆகிவிட்டது. இடமில்லை என்று சொன்னது டிஸ்க்கைப் பற்றி இல்லை. மூன்று கேமராவும் வந்து சேர்கிற யுஎஸ்பி பாதையில்தான் இடமில்லை. விண்டோஸில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும்: யுஎஸ்பி கன்ட்ரோலரில் (கணினிக்குள் யுஎஸ்பி போர்ட்டுகளை நிர்வகிக்கும் சிப்) போதிய வளம் இல்லை என்று ஓர் எச்சரிக்கை, அதுவும் இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வெறும் கறுப்புத் திரை.

இரண்டு மூன்று கேமராவை ஒரே கணினியில் செருகப் போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன்பே கீழே இருப்பதைப் பார்த்துவிடுங்கள். எனக்குத் தெண்டமாகப் போன ஒரு ஹப்பின் காசாவது உங்களுக்கு மிஞ்சும்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் கேமராக்கள்

யுஎஸ்பி 2.0 வந்தது 2000-ஆம் ஆண்டில். இன்றும் கடையில் கிடைக்கும் சாதாரண வெப்கேம்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். பெட்டியின் மேல் பிட்டில் அச்சடித்திருப்பார்கள், கோப்பின் அளவு பைட்டில் இருக்கும். புதிதாக வருபவர்கள் போடும் கணக்கு பாதி நேரம் இங்கேதான் சறுக்குகிறது.

அந்த ஒரு நொடியை யுஎஸ்பி 8000 கூறுகளாகப் பிரிக்கிறது. ஒரு கூறு 125 மைக்ரோநொடி. அதற்கு மைக்ரோஃப்ரேம் என்று பெயர். 60 மெகாபைட்டை 8000-ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோஃப்ரேமுக்கு 7500 பைட். நொடிக்கு 8000 பஸ் கிளம்புகிறது, ஒவ்வொரு பஸ்ஸிலும் 7500 சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி என்பதில் கடைசி எழுத்தே பஸ்தானே.

பென்டிரைவ், பிரிண்டர் எல்லாம் இடம் இருந்தால் ஏறிக்கொள்கிற பயணிகள். இந்த பஸ் போனால் அடுத்த பஸ். கேமரா அப்படி நிற்க முடியாது, படம் நேரத்துக்கு வந்தாக வேண்டும். அதனால் ஓட ஆரம்பிக்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடும்: இனி கிளம்பும் ஒவ்வொரு பஸ்ஸிலும் எனக்கு இத்தனை சீட். அப்புறம் அந்த சீட்டில் அது உட்கார்ந்தாலும் சரி, காலியாகவே ஓட்டினாலும் சரி, இன்னொரு கேமரா அதைக் கேட்க முடியாது. இந்த முன்பதிவு முறைக்கு ஐசோக்ரோனஸ் என்று பெயர்.

இதில் இரண்டு விதி இருக்கிறது. ஒரு பஸ்ஸில் முன்பதிவுக்கு 80 சதவீதம்தான், அதாவது 6000 சீட். மிச்சம் மற்ற வேலைகளுக்கு. இரண்டாவது, ஒரு கேமராவின் வீடியோ ஓடை ஒரு பஸ்ஸில் அதிகபட்சம் 1024 பைட் பொட்டலம் மூன்று போடலாம். மொத்தம் 3072 சீட்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3072-ம் 3072-ம் சேர்ந்தால் 6144. ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதாவது முழுத் துண்டையும் விரித்துப் போடுகிற கேமரா இரண்டு இருந்தால், இரண்டாவதே ஓடாது. "இது அனுப்புகிற டேட்டா கொஞ்சம்தானே, ஏன் ஓட மாட்டேன் என்கிறது?" என்று பலரும் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். யுஎஸ்பி கணக்கில் எடுப்பது கேமரா அனுப்பிய அளவை இல்லை, அது துண்டு போட்ட அளவை. ஒற்றைக் கேமராவாக ஓட்டும் வரை இந்தப் பேராசை யாருக்கும் தெரியாது. அதனால் கேமரா செய்பவர்களும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

முதல் வேலை: காகிதத்தில் கணக்கு

சுருக்காத வீடியோவை வெப்கேம்கள் பெரும்பாலும் ஒய்யுஒய்வி என்ற வடிவத்தில் தரும். சில மென்பொருள்களில் ஒய்யுஒய்2 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒரு புள்ளிக்கு 2 பைட். அகலத்தை உயரத்தால் பெருக்கி, அதை 2-ஆலும் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (தனிப் படம்) என்பதாலும் பெருக்கினால் நொடிக்கான பைட் வரும். அதை 8000-ஆல் வகுத்தால் ஒரு பஸ்ஸுக்கு எத்தனை சீட் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீணைக் கேமராவுக்கே போட்டுப் பார்ப்போம். 640 × 480 அளவில் ஒரு ஃப்ரேம் 6,14,400 பைட். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 18.4 மெகாபைட். 8000-ஆல் வகுத்தால் 2304 சீட். இரண்டு கேமராவுக்கு 4608, இடம் இருக்கிறது. மூன்றுக்கு 6912, இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தேடிய விடை காகிதத்தில் மூன்று வரிதான்.

அதே கணக்கை 720பி-க்கு (1280 × 720) போட்டால் நொடிக்கு 55.3 மெகாபைட் வருகிறது. ஒரு கேமராவுக்கு உச்சவரம்பே 3072 × 8000, அதாவது சுமார் 24.6 மெகாபைட். எனவே ஒற்றைக் கேமராவாக இருந்தாலும் ஒய்யுஒய்வியில் 720பி 30 ஃப்ரேம் யுஎஸ்பி 2.0-இல் போகாது. பல வெப்கேம்களின் பட்டியலில் ஒய்யுஒய்விக்கு நேராக 720பி என்றால் 10 ஃப்ரேம், 1080பி (1920 × 1080) என்றால் 5 ஃப்ரேம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, கேமரா கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 10 ஃப்ரேமில் 18.4, 5 ஃப்ரேமில் 20.7. வரம்புக்குள் எவ்வளவு போகுமோ அவ்வளவு வைத்திருக்கிறார்கள்.

கூட்டுத்தொகை 6000-ஐத் தொடும் வரை போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தலைப்பு, இடைவெளி என்று கொஞ்சம் தின்னும். அதோடு, கேமரா கேட்டது 2304 என்றாலும் கிடைப்பது அதே அளவாக இருக்காது. கேமராவுக்குள் சில நிலையான துண்டு அளவுகள்தான் இருக்கும். தேவைக்கு அடுத்த பெரிய அளவைத்தான் எடுக்க முடியும். நான் மொத்தத்தை 5000-க்குள் நிறுத்திக்கொள்வேன்.

எந்த ஓட்டை எங்கே போகிறது

லேப்டாப்பின் பக்கவாட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் மூன்று பாதை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வீட்டுக்கு மூன்று வாசல் இருந்தாலும் தெரு ஒன்றுதான் என்பது போல, உள்ளே எல்லாம் ஒரே கன்ட்ரோலரில் போய்ச் சேரலாம். இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது.

லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையை டி என்ற விருப்பத்தோடு (lsusb -t) கொடுத்தால், எது எதன் கீழ் செருகப்பட்டிருக்கிறது என்று மரம் மாதிரி விரித்துக் காட்டும். வரியின் கடைசியில் 12எம், 480எம், 5000எம் என்று வேகம் இருக்கும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் டிவைசஸ் பை கனெக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதி. எதில் பார்த்தாலும், இரண்டு கேமரா ஒரே வேரின் கீழ் வந்தால் ஒரே பாதை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். லேப்டாப்பின் சொந்தக் கேமராவும் பெரும்பாலும் உள்ளே யுஎஸ்பியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அது ஓடினால் அதன் துண்டும் சேரும்.

ஒவ்வொரு ஓட்டையாகக் கேமராவை மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொரு முறையும் மரத்தைப் பார்த்து, எந்த ஓட்டை எந்த வேர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை. பிறகு பல மணி நேரம் மிச்சம்.

இப்போது நான் காசை விட்ட இடம். நீல நிற யுஎஸ்பி 3.0 ஓட்டையில் 5000 மெகாபிட் போகும், அதில் ஒரு யுஎஸ்பி 3.0 ஹப்பைப் போட்டு மூன்று கேமராவையும் செருகினால் தீர்ந்தது என்று நினைத்து ஒரு ஹப் வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. யுஎஸ்பி 3.0 கேபிளுக்குள் வேகக் கம்பிகள் தனி, பழைய யுஎஸ்பி 2.0 கம்பிகள் தனி. புதிய ஹப் என்பது உண்மையில் ஒரே டப்பாவுக்குள் இரண்டு ஹப். யுஎஸ்பி 2.0 கேமராவை அதில் செருகினால் அது பழைய கம்பியில்தான் பேசும். மூன்று கேமராவும் சேர்ந்து அதே ஒற்றை 480-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். பக்கத்தில் எக்ஸ்பிரஸ் வே போட்டிருக்கிறார்கள் என்பதற்காக டவுன் பஸ் அதில் ஏறிவிடாது.

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பை 3-இல் நாலு யுஎஸ்பி ஓட்டையும், போதாக்குறைக்கு ஈதர்நெட்டும், ஒரே யுஎஸ்பி 2.0 பாதையில் நெருக்கியடிக்கும். 2019-இல் வந்த பை 4-இல் நீல ஓட்டை இரண்டு இருந்தாலும், யுஎஸ்பி 2.0 கேமரா என்று வரும்போது நாலு ஓட்டையும் ஒரே 480-தான். 2023-இல் வந்த பை 5-இல் இரண்டு தனித்தனிக் கன்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள். எனவே கேமராக்களை இரண்டிலும் பிரித்துப் போடலாம்; எந்த ஓட்டை எதைச் சேர்ந்தது என்று மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவில்லாத வைத்தியம்: எம்ஜேபெக்

பெரும்பாலான வெப்கேம்கள் எம்ஜேபெக் என்ற வடிவத்திலும் வீடியோ தரும். ஒவ்வொரு ஃப்ரேமையும் கேமராவே ஜேபெக் படமாகச் சுருக்கி அனுப்பிவிடும். 720பி ஃப்ரேம் ஒன்று சுருங்கி 100 கிலோபைட் ஆகிறது என்று வைத்தால், நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு 3 மெகாபைட்தான். 55 எங்கே, 3 எங்கே. பல சமயம் இந்த ஒரு மாற்றத்திலேயே கதை முடிந்துவிடும்.

ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் வீடியோ கேப்சர் டிவைஸின் அமைப்பைத் திறந்து, ரெசல்யூஷனைக் கஸ்டம் என்று மாற்றி, அளவையும் ஃப்ரேம் வேகத்தையும் கையால் கொடுத்து, வீடியோ ஃபார்மட்டில் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீஃபால்ட்டில் விட்டால் அது எதை எடுக்கும் என்பது அதன் இஷ்டம். விண்டோஸில் அதே இடத்தில், திரையில் காட்டாதபோது கேமராவை நிறுத்திவிடும் ஒரு டிக் பெட்டியும் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கோணம் மட்டும் போதும் என்பவர்கள் அதை டிக் செய்தால், மறைந்திருக்கும் கேமரா துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் மாறும்போது ஓரிரு நொடி கறுப்பு விழும்.

பைத்தானில் ஓப்பன்சிவி (படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பு) வைத்து எழுதுபவர்கள் முதலில், வீடியோ வடிவத்தைச் சொல்லும் ஃபோர்சிசி அமைப்பில் எம்ஜேபிஜி என்று கொடுங்கள், அப்புறம் அகலம், உயரம், ஃப்ரேம் வேகம். வரிசை மாறினால் சில கேமராக்கள் கண்டுகொள்ளாமல் ஒய்யுஒய்வியிலேயே நின்றுவிடும். கொடுத்ததோடு விடாதீர்கள், திரும்ப வாசித்துப் பாருங்கள். செட் செய்தபோது பிழை வரவில்லை என்பதற்கும், கேமரா கேட்டுக்கொண்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று கேமராவிலிருந்தும் ஒரே நேரத்துப் படம் வேண்டுமென்றால், எல்லாவற்றுக்கும் முதலில் கிராப் (படத்தைப் பிடிப்பது), எல்லாம் முடிந்த பிறகு ரிட்ரீவ் (அதைப் பிரித்து எடுப்பது). ஒவ்வொன்றாக ரீட் செய்தால் முதல் கேமராவின் படத்தைப் பிரிக்கும் நேரத்தில் மூன்றாவது பின்தங்கிவிடும்.

லினக்ஸில் இன்னொரு சின்னக் குழப்பம். ஒரு வெப்கேமுக்கு இரண்டு வீடியோ எண் கிடைக்கும். வீடியோ0 படத்துக்கு, வீடியோ1 துணைத் தகவலுக்கு. எனவே இரண்டாவது கேமரா பெரும்பாலும் வீடியோ2. வீடியோ1-ஐத் திறந்து பார்த்துவிட்டு இரண்டாவது கேமரா செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மூன்றும் ஒரே மாடல் என்றால், ரீபூட் செய்ததும் இடது கை வலது கையாகிவிடும். அதற்கு எண்ணை நம்பாமல், எந்த ஓட்டையில் செருகியது என்பதை வைத்துத் தரப்படும் பை-பாத் பெயரைப் பயன்படுத்துங்கள்.

எம்ஜேபெக் போட்டும் அடம்பிடித்தால்

இங்கேதான் பேராசைக் கேமரா தன் குணத்தைக் காட்டும். அனுப்பப் போவது நொடிக்கு 3 மெகாபைட்தான். ஆனால் துண்டு போடுவது மட்டும் பழையபடி 3060, 3072 சீட்டுக்கு. எங்கள் மூன்றில் ஒன்று இந்த ரகம். ரெசல்யூஷனைக் குறைத்தாலும் அது கேட்பதைக் குறைக்கவில்லை. லினக்ஸில் வெப்கேம்களை ஓட்டும் யுவிசிவீடியோ டிரைவரின் டிரேஸ் அமைப்பை இயக்கிவிட்டால், கேமரா எத்தனை பைட் கேட்டது என்பது கர்னல் பதிவில் வந்துவிடும். யார் திருடன் என்று கையும் களவுமாகப் பிடிக்க அதுதான் வழி.

இதற்கு அந்த டிரைவரிலேயே ஒரு மருந்து உண்டு. யுவிசிவீடியோவை இறக்கிவிட்டு, க்வர்க்ஸ்=128 என்ற அமைப்போடு மறுபடி ஏற்றினால், கேமரா சொல்லும் எண்ணை நம்பாமல் டிரைவரே கணக்குப் போட்டு இடம் பிடிக்கும். 640 × 480, 15 ஃப்ரேம் என்றால் சுமார் 1240 சீட். கேமரா கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: இந்த மருந்து சுருக்காத வடிவங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். எம்ஜேபெக் ஃப்ரேமின் அளவு படத்துக்குப் படம் மாறுவதால் டிரைவரால் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. கேமரா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். எத்தனையோ பேர் 128-ஐப் போட்டுவிட்டு எம்ஜேபெக்கில் ஓட்டி, ஒன்றும் மாறவில்லை என்று நொந்துகொள்வதற்குக் காரணம் இது.

எனவே பேராசைக் கேமராவை ஒய்யுஒய்விக்கு மாற்றி, அளவையும் ஃப்ரேமையும் குறைத்து, 128-ஐயும் போட வேண்டும். விண்டோஸில் இந்த மாதிரி ஒரு திருகாணி இல்லை. அங்கே கேமராவை மாற்றுவது, இல்லை கன்ட்ரோலரைக் கூட்டுவது.

ஃப்ரேமைக் குறைப்பதைப் பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். எல்லாக் கேமராவும் 30 ஓட வேண்டும் என்று என்ன கட்டாயம்? மீட்டும் விரலுக்கு 30 வேண்டும்தான். முகத்துக்கு 15 தாராளம். கரும்பலகையைக் காட்டும் கேமராவுக்கு 5 போதும்.

காசு செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றால்

டெஸ்க்டாப் என்றால் உள்ளே செருகும் பிசிஐஇ யுஎஸ்பி கார்டு ஒன்று போடலாம். வாங்கும்போது ஓட்டைகளை எண்ணாதீர்கள், கன்ட்ரோலர்களை எண்ணுங்கள். ஒரே கன்ட்ரோலரில் நாலு ஓட்டை வைத்த கார்டு மலிவு; அதில் நாலு பாதை கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஓட்டைக்கு ஒரு கன்ட்ரோலர் என்று நாலு வைத்த கார்டுகளும் இருக்கின்றன, விலை கூட. லேப்டாப்பில் தண்டர்போல்ட் என்ற அதிவேக ஓட்டை இருந்தால், அதற்கான டாக்கில் (பல ஓட்டைகள் உள்ள இணைப்புப் பெட்டி) பெரும்பாலும் தனி யுஎஸ்பி கன்ட்ரோலர் இருக்கும். சாதாரண டைப்-சி டாக் வெறும் ஹப்தான்.

யுஎஸ்பி 3.0 கேமராவே வாங்குகிறேன் என்பவர்களும் கணக்கை விட்டுவிடக் கூடாது. 5 ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும் குறியாக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய், நொடிக்கு 500 மெகாபைட்தான் உச்சம். கைக்குக் கிடைப்பது 400-க்குள். சுருக்காத 1080பி 30 ஃப்ரேம் ஒன்று 124 மெகாபைட். ஒரு பாதையில் மூன்று ஓட்டினால் 373. அதுவே விளிம்பு.

எனக்கு உண்மையில் பிடித்த வழி வேறு: வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு பழைய லேப்டாப்பில் ஒரு கேமராவைப் பதிவு செய்து, எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வது. ஆரம்பத்தில் எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி வீணைக்கு மேலே ஒரு கைதட்டல். அந்த ஃப்ரேமை வைத்து மூன்றையும் பொருத்திவிடலாம்.

எல்லாப் பழியும் பேண்ட்விட்த்தின் (பாதையின் கொள்ளளவு) மேல் இல்லை

துண்டு கிடைக்காத சிக்கல் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். கேமரா ஓடவே ஓடாது. பத்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் வேறு எதையோ தேட வேண்டும்.

திடீரென்று கேமரா காணாமல் போய் வேறு எண்ணில் திரும்பி வந்தால், பெரும்பாலும் கரண்ட் பற்றாக்குறை. யுஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. அடாப்டர் இல்லாத ஹப்பில் மூன்று கேமராவைத் தொங்கவிட்டால் அந்த ஐந்நூறைத்தான் மூன்றாகப் பிய்த்துக்கொள்ளும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். கேபிளும் யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

படம் ஓடுகிறது, ஆனால் 30 கேட்டால் 15 வருகிறது என்றால் முதலில் ட்யூப்லைட்டைப் போட்டுப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கும், அதனால் ஃப்ரேம் எண்ணிக்கை தானாகக் குறையும். டீச்சர் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இதுதான் நடந்தது. அந்தத் திறந்திருக்கும் நேரத்தை (எக்ஸ்போஷர்) கையால் நிலைநிறுத்தினால் சரியாகிவிடும்.

விசிறி இரைய ஆரம்பித்து, மூன்று படமும் சேர்ந்து திக்கினால் பிராசசர் திணறுகிறது. மூன்று எம்ஜேபெக் கேமரா என்றால் நொடிக்கு 90 ஜேபெக்கைப் பிரித்தாக வேண்டும். பதிவு மட்டும்தான் நோக்கம் என்றால் பிரிக்கவே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவியின் காப்பி முறையில், வந்த ஓடையை அப்படியே எம்கேவி கோப்பில் கொட்டிவிடலாம்.

நெட்வொர்க் கேமரா வைத்திருப்பவர்களுக்கு

தொழிற்சாலைகளில் வைக்கும் ஜிகாபிட் ஈதர்நெட் கேமராக்களில் முன்பதிவு கிடையாது, ஆனால் குழாய் ஒன்றுதான். நொடிக்கு 125 மெகாபைட். புள்ளிக்கு ஒரு பைட் அனுப்பும் 1920 × 1200 கேமரா 50 ஃப்ரேமில் 115 மெகாபைட்டைத் தின்றுவிடும். இரண்டை ஒரு நெட்வொர்க் ஸ்விட்சில் போட்டு ஒரே கேபிளில் கணினிக்குக் கொண்டுவந்தால் ஃப்ரேமைப் பாதியாக்கியே ஆக வேண்டும். சராசரி சரியாக இருந்தாலும், இரண்டும் ஒரே கணத்தில் படமெடுத்து ஒரே மூச்சில் கொட்டினால் ஸ்விட்ச் பொட்டலங்களைக் கீழே விடும். பொட்டலங்களுக்கு இடையே தாமதம் வைக்கும் அமைப்பு கேமராவிலேயே இருக்கும், அதைக் கூட்டுங்கள்.

கடை, வீட்டுப் பாதுகாப்புக்கு வைக்கும் ஐபி கேமராக்கள் எச்.264 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் வயரில் பெரிய பாரம் இல்லை. கேமராவுக்கு 4 மெகாபிட் என்று அமைத்தால் எட்டுக்கு 32 மெகாபிட். 100 மெகாபிட் ஸ்விட்சே போதும். அங்கே இடிக்கிற இடம் டிஸ்க். 4 மெகாபிட் என்பது ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. எட்டுக் கேமரா, 2 டிபி டிஸ்க் என்றால் ஆறு நாள்கூட நிற்காது.

கடைசியில் வீணை எப்படி ஓடியது

பேராசைக் கேமராவை முகத்துக்கு வைத்தேன்: ஒய்யுஒய்வி, 640 × 480, 15 ஃப்ரேம், க்வர்க்ஸ் 128. கைகளைப் பார்க்கும் மற்ற இரண்டும் எம்ஜேபெக்கில் 720பி, 30 ஃப்ரேம். ஹப்புக்கு ஓர் அடாப்டர். லேப்டாப்பின் சொந்தக் கேமராவை பயாஸிலேயே (கணினியின் அடிப்படை அமைப்பு) அணைத்தாயிற்று. மைக் ஒன்று போதும் என்பதால் மற்ற இரண்டு கேமராவின் மைக்கையும் நிறுத்தினேன். அது பிடிக்கும் இடம் கொஞ்சம்தான், இருந்தாலும் எதற்கு?

சேர்த்தது ஒவ்வொன்றாக. ஒரு கேமரா ஐந்து நிமிஷம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூன்றும் ஓடியதும் இருபது நிமிஷம் அப்படியே விட்டு, கோப்பில் ஃப்ரேம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். 20 நிமிஷத்துக்கு 30 ஃப்ரேம் என்றால் 36,000 இருக்க வேண்டும். நாலைந்து குறைந்திருந்தது, பரவாயில்லை. கைகளின் இரண்டு ஓடையும் சேர்ந்து நொடிக்கு 6 மெகாபைட், மணிக்கு 21.6 ஜிபி. முதல் நாள் வீணாக அழித்தேன் என்று நினைத்த அந்த 40 ஜிபி, இப்போது டிஸ்க்கில் நிஜமாகவே தேவைப்பட்டது.

மூன்று கட்டமும் திரையில் வந்ததும் கூப்பிட்டேன். டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "அந்த வலது கை கேமராவைக் கொஞ்சம் எறக்கி வை தம்பி, என் மோதிரம்தான் தெரியுது, விரல் தெரியலை" என்று சொல்லிவிட்டு சுருதி சேர்க்க உட்கார்ந்தார்.